ஆடிட்டர் ஆபீஸில் கோடை இன்டர்ன்ஷிப்: 5-க்கு 3.5

பி.காம். இரண்டாம் ஆண்டு முடிந்து மூன்றாம் ஆண்டு தொடங்குவதற்குள் ஒரு இன்டர்ன்ஷிப் சான்றிதழ் கொடுத்தே ஆக வேண்டும் என்பது எங்கள் கல்லூரியில் கட்டாயம். சென்னையில் பாதி காமர்ஸ் மாணவர்களுக்கு இதே கதிதான். பிரியாணிக் கடைக்கும் இயர்போனுக்கும் ஆயிரம் ரிவ்யூ கிடைக்கிறது, ஆனால் கோடை விடுமுறை முழுவதையும் தூக்கிக் கொடுக்கப் போகிற இடத்தைப் பற்றி ஒரு வரி கிடைக்கவில்லை. அதனால் நான் இருந்த இடத்தைப் பற்றி எழுதி வைக்கிறேன்.

பாரிமுனைப் பக்கம், பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் ஒரு சின்ன ஆடிட்டர் ஆபீஸ். பெயர் சொல்ல மாட்டேன், குறையும் சேர்த்துத்தான் எழுதப் போகிறேன். தவிர ஜார்ஜ் டவுன், மயிலாப்பூர், தி.நகர் என்று எங்கே போனாலும் இதே அச்சில் வார்த்த ஆபீஸ்கள் இருக்கின்றன, இங்கே சொல்வதில் முக்கால்வாசி அவற்றுக்கும் பொருந்தும். 3.5 என்பது கருணை மதிப்பெண் இல்லை. வேலைக்கு மட்டும் என்றால் 5 கொடுத்திருப்பேன், மற்றதெல்லாம் சேர்ந்து இழுத்துவிட்டது.

வகுப்பில் மற்றவர்கள் போன வழிகளையும் சொல்லிவிடுகிறேன், ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும். சிலர் ஆன்லைனில் பணம் கட்டி 'வர்ச்சுவல் இன்டர்ன்ஷிப்' எடுத்தார்கள். வீடியோ பார்த்து, க்விஸ் எழுதினால், கியூஆர் கோடு போட்ட பளபளப்பான சான்றிதழ் மெயிலில் வந்துவிடும். காசும் கொடுத்து வேலையும் செய்வது எந்த ஊர் நியாயம் என்று என் அப்பா கேட்டார், என்னிடம் பதில் இல்லை. ஒரு தோழி பங்குத் தரகு நிறுவனம் ஒன்றில் 'ஃபைனான்ஸ் இன்டர்ன்' என்று சேர்ந்தாள். சொந்தக்காரர், அக்கம்பக்கம், அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழு என்று எல்லோரையும் பிடித்து டிமாட் கணக்கு திறக்க வைப்பதுதான் வேலை, அதற்கு வாராவாரம் டார்கெட். பங்குச் சந்தையைப் பற்றி அவள் தெரிந்துகொண்டது, சித்தப்பா இனி போனை எடுக்க மாட்டார் என்பது மட்டும்தான். 2024-ல் பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் வந்தபோது மாதம் 5,000 ரூபாய் என்றதும் எல்லோரும் லிங்க் அனுப்பிக்கொண்டோம். வயது 21 ஆகியிருக்க வேண்டும், முழுநேரமாகப் படிப்பவர்கள் சேர முடியாது என்று தெரிந்ததும் அந்தக் குழு அமைதியாகிவிட்டது.

சரி, ஆபீஸுக்கு வருவோம். நுழைந்ததும் யாராவது உட்கார வைத்து ஓரியன்டேஷன் கொடுப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். எனக்குக் கிடைத்தது ஒரு கட்டைப் பை. சானிட்டரி சாமான், பைப் விற்கும் ஒரு கடையின் ஒரு காலாண்டு பில் மொத்தமும் அதற்குள் இருந்தது. வாங்கிய பில், லாரி வாடகைச் சீட்டு, டீக்கடைத் துண்டுச்சீட்டு, பெட்ரோல் பில் எல்லாம் கலந்து கிடந்தது. பெட்ரோல் பில்லில் பாதி வெள்ளைக் காகிதமாகவே இருந்தது. அந்த வழவழப்பான தாளில் அடிக்கும் எழுத்து வெயில் பட்டால் மங்கிவிடும், கடைக்காரர் வண்டி டேஷ்போர்டில் வெயிலில் போட்டு வைத்திருக்கிறார். 'இத என்னண்ணா பண்றது?' என்று சீனியர் அக்கவுண்டன்ட் அண்ணாவிடம் கேட்டேன். 'வெளிச்சத்துல சாச்சுப் பாரும்மா, தொகை தெரிஞ்சா எழுது. தெரியலன்னா தனியா வை, அவரையே கேப்போம்.' அவ்வளவுதான் முதல் நாள் பாடம்.

அந்த அண்ணாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இந்த ஆபீஸுக்கு நான் கொடுத்த மதிப்பெண்ணில் பாதி அவருடையது. சி.ஏ. இல்லை, வெறும் பி.காம்., அதுவும் அஞ்சல் வழியில் படித்தவர். பில்லைக் கையில் எடுத்தால் தொகையைப் பார்ப்பதற்கு முன் ஜிஎஸ்டி எண்ணைப் பார்ப்பார். பதினைந்து இலக்கத்தில் முதல் இரண்டு மாநிலம், தமிழ்நாடு என்றால் 33. அடுத்த பத்தும் அந்த வியாபாரியின் பான் எண். பான் எண்ணின் நான்காவது எழுத்து 'பி' என்றால் தனி ஆள், 'எஃப்' என்றால் பார்ட்னர்ஷிப், 'சி' என்றால் கம்பெனி. இது ஏதோ பொது அறிவுத் துணுக்கு என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுக்கும்போது பிடிக்க வேண்டிய டிடிஎஸ் (கொடுப்பவரே முன்கூட்டிப் பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி), தனி ஆளாக இருந்தால் 1 சதவீதம், பார்ட்னர்ஷிப்போ கம்பெனியோ என்றால் 2 சதவீதம். அதாவது அந்த ஒரு எழுத்தைப் பார்த்துத்தான் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதே முடிவாகிறது. வருமான வரிப் பாடத்தில் விகிதங்களை மனப்பாடம் செய்திருந்தேன், இந்த எழுத்தை யாரும் காட்டவில்லை.

மாதம் எப்படி ஓடுகிறது என்பதும் அங்கேதான் தெரிந்தது. 7-ம் தேதி டிடிஎஸ் கட்ட வேண்டும், 11 விற்பனையைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1, 14-ம் தேதி நமக்கு விற்றவர்கள் காட்டிய பில்களின் பட்டியலான 2பி வந்து விழும், 15 ஊழியர்களுக்கான பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., 20 வரியைக் கட்டிப் போடும் ஜிஎஸ்டிஆர்-3பி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் சின்னக் கடைகளுக்கு வேறு தேதி. கோடையில் இதற்கு மேல் மே 31-க்குள் நான்காம் காலாண்டு டிடிஎஸ் ரிட்டர்ன், ஜூன் 15-க்குள் சம்பளத்தில் பிடித்த வரிக்குச் சான்றான படிவம் 16 கொடுக்க வேண்டும். ஆபீஸில் யாரும் திங்கள், செவ்வாய் என்று பேசவே மாட்டார்கள், எல்லாம் தேதிதான். 18, 19 தேதிகளில் சந்தேகம் கேட்கப் போனால் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார்கள். 21-ம் தேதி கேட்டால் டீ வாங்கிக் கொடுத்துச் சொல்லித் தருவார்கள்.

எனக்குக் கொடுத்ததில் உருப்படியான வேலை 2பி ஒப்பிடுதல். ஜிஎஸ்டி தெரியாதவர்களுக்கு ஒரு வரி: நம் கடை ஒரு லட்சத்துக்குச் சரக்கு வாங்கி 18 சதவீதம், அதாவது 18,000 ரூபாய் வரியும் சேர்த்துக் கொடுத்தால், அந்த 18,000-ஐ நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் விற்றவர் அந்த பில்லைத் தன் ரிட்டர்னில் காட்டியிருந்தால்தான் அது நம்முடைய 2பி-யில் வரும், வராவிட்டால் கழிக்க முடியாது. 2022 ஜனவரியிலிருந்து இந்த விதி இறுகிவிட்டது. ஆகவே மாதாமாதம் டேலி என்ற கணக்கு மென்பொருளில் உள்ள கொள்முதல் பட்டியலையும் அரசு தளத்திலிருந்து இறக்கிய 2பி-யையும் எக்செல்லில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, எது வந்தது, எது வரவில்லை என்று பார்க்க வேண்டும்.

கேட்க எளிதாக இருக்கும், வி-லுக்அப் (ஒரு பட்டியலில் உள்ளதை இன்னொன்றில் தேடும் எக்செல் சூத்திரம்) போட்டால் முடிந்தது என்று. இருக்கவே இருக்கிறது பில் எண். கடையில் என்ட்ரி போட்டவர் '45' என்று அடித்திருப்பார், விற்றவர் '0045/24-25' என்று காட்டியிருப்பார், இன்னொருவர் முன்னால் நாலு எழுத்து சேர்த்திருப்பார். சில எண்களுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஸ்பேஸ் இருக்கும். எண் மாதிரி தெரிவது எக்செல்லுக்கு எழுத்தாக இருக்கும். வரிசையாக எல்லாமே 'கிடைக்கவில்லை' என்று வரும். ஆர்ட்டிகிள்ஷிப்பில் (சி.ஏ. படிப்பவர்கள் ஆடிட்டரிடம் எடுக்கும் பயிற்சி) இருந்த அக்கா ஒருவர் வந்து, பில் எண்ணை விட்டுவிட்டு ஜிஎஸ்டி எண்ணையும் வரித் தொகையையும் ஒட்டி ஒரே கட்டமாக்கி அதை வைத்துத் தேடு என்றார். முக்கால்வாசி ஒரே அடியில் பொருந்திவிட்டது. மிச்சத்தைக் கையால் பார்த்தேன். கல்லூரியில் எக்செல்லுக்கு ஒரு பேப்பரே உண்டு, அதில் ஒரு மாதிரித் தரவில்கூட அழுக்கு இருக்காது, எல்லாம் குளித்துப் பொட்டு வைத்த தரவு.

அதன்பின் வராத பில்களுக்காகச் சப்ளையர்களுக்குப் போன் செய்ய வேண்டும். வியாபாரம் என்றால் என்ன என்பது எனக்குப் பிடிபட்டது அந்தப் போன்களில்தான். நல்லபடியாகப் பேசும் மொத்த வியாபாரி, மூன்று மாதமாக ரிட்டர்ன் போடவில்லை என்றதும் குரல் மாறுவார். நம் கடைக்காரரோ வரித் தொகையை நிறுத்திவைத்துவிட்டுச் சரக்குக்கு மட்டும் பணம் அனுப்புவார். 'மேம், நீங்க பணம் அனுப்புங்க, நான் ரிட்டர்ன் போடறேன்' என்பார் ஒருவர். 'அவர் போடட்டும், நான் அனுப்பறேன்' என்பார் நம் ஆள். இடையில் நான். நடப்பு மூலதனம் என்று ஐந்து மதிப்பெண் கேள்விக்கு எழுதிக்கொண்டிருந்தது இதைத்தான்.

இதே மாதிரி 45 நாள் விதி. உத்யம் என்ற அரசுப் பதிவு பெற்ற குறு, சிறு தொழிலிடம் வாங்கிவிட்டு, ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் கொடுக்கவில்லை என்றால், அந்தத் தொகையை அந்த வருடச் செலவாகக் கழிக்க முடியாது, கொடுத்த வருடத்தில்தான். 2023-24 கணக்கு ஆண்டிலிருந்து இது வந்தது. தயாரிப்பாளர், சேவை தருபவருக்குத்தான் இது பொருந்தும், வாங்கி விற்கும் வியாபாரிக்கு இல்லை. அதனால் மார்ச் 31 நிலவரப்படி பாக்கி உள்ள ஒவ்வொருவரையும் கூப்பிட்டு 'உத்யம் சான்றிதழ் இருக்கா, தயாரிக்கறீங்களா, வாங்கி விக்கறீங்களா?' என்று கேட்பது இன்டர்ன் வேலை. பலர் எதற்கோ கடன் கொடுக்கக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து வைத்துவிடுவார்கள்.

பேங்க் ஸ்டேட்மென்ட் என்ட்ரி போடுவது அலுப்புதான், ஆனால் அதில் ஒரு ருசி உண்டு. முதல் செமஸ்டரில் 'வியாபாரமும் உரிமையாளரும் தனித்தனி' என்று ஒரு கோட்பாடு படிப்போம். சென்னைக் கடைக்காரர் யாருக்கும் அது தெரியாது. கடைக் கணக்கிலிருந்து பையன் ஸ்கூல் ஃபீஸ், எல்ஐசி பிரீமியம், மளிகை, கோயில் நன்கொடை எல்லாம் போகும். யுபிஐ வந்த பிறகு 20 ரூபாய் டீகூட ஒரு வரி. ஒவ்வொன்றையும் பார்த்து எது கடைச் செலவு, எது சொந்தச் செலவு என்று பிரிக்க வேண்டும், புரியாததைச் சஸ்பென்ஸ் என்ற தற்காலிகத் தலைப்பில் போட்டு வைக்க வேண்டும். மாதக் கடைசியில் அண்ணா சஸ்பென்ஸ் பட்டியலுடன் கடைக்காரரைக் கூப்பிடுவார். '12-ந்தேதி ஒரு நாப்பதாயிரம் போயிருக்குங்களே?' என்பார். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது, பிறகு 'அது வீட்டுக்குத் தெரிய வேணாம் சார்' என்று வரும். உரிமையாளர் எடுப்பு என்று எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவோம்.

ஃபைனான்ஸ் என்று சொல்லத் தகுந்த வேலை கடைசி வாரங்களில்தான் வந்தது. ஒரு கடைக்குப் பேங்கில் சிசி லிமிட் (சரக்கையும் பாக்கியையும் ஈடாக வைத்து வேண்டும்போது எடுக்கும் கடனின் வரம்பு) கூட்டுவதற்கான சிஎம்ஏ என்ற கணிப்பு ரிப்போர்ட். வரப்போகும் வருடங்களின் விற்பனை, லாபம், இருப்புநிலை எல்லாம் கணித்துக் கொடுக்க வேண்டும். நான் கடந்த மூன்று வருட வளர்ச்சியைப் பார்த்து ஒரு விகிதம் போட்டுக் கணக்குச் செய்து நீட்டினேன். அண்ணா அதைப் பார்க்கவே இல்லை, 'எவ்ளோ லோன் வேணுமாம்?' என்றார். சிறு தொழில்களுக்கு 5 கோடி வரையிலான லிமிட்டில், எதிர்பார்க்கும் விற்றுமுதலில் 20 சதவீதத்தை பேங்க் கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் கமிட்டி காலத்திலிருந்து உள்ள கணக்கு. 40 லட்சம் வேண்டும் என்றால் விற்பனை 2 கோடி காட்ட வேண்டும். 60 லட்சம் என்றால் 3 கோடி. அதாவது கணிப்பு கீழிருந்து மேலே போகிறது, கடன் தொகையில் தொடங்கி விற்பனையில் முடிகிறது. நடப்பு விகிதமும் (நடப்புச் சொத்து, நடப்புக் கடனைப் போல எத்தனை மடங்கு என்பது) அப்படித்தான், நம் பாடப்புத்தகத்தில் 2:1 என்று இருக்கும், பேங்க் மேனேஜர் பார்ப்பது 1.33.

இது சரியா என்றால், எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஆனால் பேங்கும் முட்டாள் இல்லை என்பதைப் பிறகு பார்த்தேன். லிமிட் கொடுத்த பிறகு மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கேட்கும். கையில் உள்ள சரக்கு, வர வேண்டிய பாக்கி இரண்டின் மதிப்பிலிருந்து, கடனுக்கு வாங்கிய சரக்குக்குக் கொடுக்க வேண்டியதைக் கழித்து, பெரும்பாலும் 25 சதவீதம் மார்ஜினும் கழித்து, மிச்சத்துக்குத்தான் பணம் எடுக்க முடியும். 90 நாளுக்கு மேல் வராத பாக்கியைக் கணக்கிலேயே சேர்க்காது. காகிதத்தில் 3 கோடி காட்டலாம், குடோனில் சரக்கு இல்லாமல் அந்த லிமிட்டைத் தொட முடியாது. இவ்வளவு தெரிந்த பிறகு, நிறுவன ஆண்டறிக்கைகளில் 'எதிர்கால வளர்ச்சி' என்று ஏதாவது பார்த்தால், இதை எங்கிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போட்டிருப்பார்கள் என்றுதான் என் புத்தி முதலில் போகிறது.

இப்போது குறைகள். உதவித்தொகை என்று கொடுத்தது ரயில் பாஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் சரியாகப் போனது. வீட்டிலிருந்து டிபன் கொண்டுபோனால் கொஞ்சம் மிச்சம். ஏசி, ஆடிட்டர் சார் அறையில் மட்டும், மே மாதத்தில் நாங்கள் ஃபைல் அடுக்குகளுக்கு நடுவில் ஒரு ஃபேனைப் பங்கிட்டுக்கொண்டோம். கழிப்பறை மாடிப்படித் திருப்பத்தில் மூன்று ஆபீஸுக்கும் பொது, பெண் பிள்ளைகள் சேருவதற்கு முன் இதை ஒரு எட்டு போய்ப் பார்த்துவிடுவது நல்லது, கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஜெராக்ஸ் எடுக்க, வருமான வரி அலுவலகத்தில் கடிதம் கொடுத்து முத்திரை வாங்கி வர என்று நுங்கம்பாக்கம் அலைச்சலும் உண்டு. அது வேலையின் பகுதி என்று சொல்வார்கள், பாதி உண்மை.

யாரும் உட்கார்ந்து சொல்லித் தரமாட்டார்கள் என்பது பெரிய குறை. ஆர்ட்டிகிள்களுக்கே சொல்லித்தர நேரம் இல்லாத இடத்தில் இன்டர்னுக்கு எங்கிருந்து? 2023-லிருந்து ஆர்ட்டிகிள்ஷிப் மூன்று வருடத்திலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டது, அவர்கள் தங்கள் வேலையைப் பிடிக்கவே ஓடிக்கொண்டிருக்கிறார்கள். கேட்டால் சொல்வார்கள், கேட்காதவர் சும்மா டேட்டா என்ட்ரி ஆபரேட்டராகவே இருந்துவிட்டு வரலாம். என்னோடு சேர்ந்த ஒருவர் அப்படித்தான் கடைசி வரை பேங்க் ஸ்டேட்மென்ட் மட்டும் அடித்தார்.

என்னை உறுத்திய இன்னொன்று உண்டு. வாடிக்கையாளர்களின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்கள் (பென்டிரைவ் மாதிரி இருக்கும்) எல்லாம் ஒரு மேஜை இழுப்பறையில் பெயர் ஒட்டிக் கிடக்கும். லாகின், பாஸ்வேர்டு எல்லாம் ஒரு நீள நோட்டில். ரிட்டர்ன் போடும் நாளில் என் வேலை, 'சார், ஒரு ஓடிபி வந்திருக்கும், கொஞ்சம் சொல்றீங்களா?' என்று வரிசையாகக் கூப்பிடுவது. ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று ரிசர்வ் வங்கி விளம்பரம் போட்டுக்கொண்டிருக்கும் ஊரில், ஒருவர்கூட நீ யார் என்று கேட்கவில்லை. நம்பிக்கை என்று இதைச் சொல்வார்கள். அந்த நோட்டு தொலைந்தால் என்ன ஆகும் என்று அக்காவிடம் கேட்டேன், 'வாயக் கழுவு' என்றார். இதற்காகவே அரை நட்சத்திரம் குறைத்தேன்.

யார் போகலாம்? சி.ஏ., சி.எம்.ஏ. (செலவுக் கணக்கியல் படிப்பு) படிக்கலாமா வேண்டாமா என்று ஊசலாடுபவர்கள் கண்டிப்பாகப் போக வேண்டும், பயிற்சியில் மாட்டிக்கொள்வதற்கு முன் அந்த வாழ்க்கையைப் பக்கத்தில் பார்த்துவிடலாம். வீட்டில் கடை வைத்திருப்பவர்களும் போகலாம், அப்பாவின் பேங்க் கணக்கு திடீரென்று புரியத் தொடங்கும், வீட்டில் சண்டையும் வரும். பங்கு ஆய்வு, முதலீட்டு வங்கி என்று போக ஆசைப்படுபவர்களுக்கு இது நேர் வழி இல்லை. அவர்கள் பங்குச் சந்தை வேலைக்கான தகுதித் தேர்வான என்ஐஎஸ்எம் தேர்வு ஒன்றை எழுதிவிட்டு அந்தப் பக்கமே தேடலாம், ஆனால் டிமாட் டார்கெட் உண்டா என்பதை மட்டும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

காலம் முக்கியம். ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் பாதி வரை நல்ல நேரம், வருடக் கணக்கு முடிக்கும் வேலை ஓடும், எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்கலாம். ஜூலையில் தனிநபர் ரிட்டர்ன் நெரிசல், செப்டம்பரில் டேக்ஸ் ஆடிட், அப்போது போனால் ஜெராக்ஸ் மெஷின்தான் உங்கள் குரு. போகும் முன் டேலியின் இலவச எஜுகேஷனல் பதிப்பைக் கணினியில் போட்டுப் பழகுங்கள். மாதத்தின் 1, 2, கடைசித் தேதிகளில்தான் என்ட்ரி போட விடும், பழக அதுவே போதும். பேமென்ட் எஃப்5, ரசீது எஃப்6, ஜர்னல் எஃப்7, விற்பனை எஃப்8, கொள்முதல் எஃப்9, இவை விரலில் இருந்தால் முதல் வாரத்திலேயே மவுஸைத் தொடாத ஆள் என்று பெயர் வாங்கலாம், அங்கே அது பெரிய கௌரவம்.

இடம் தேட ஆன்லைன் தளங்களை நம்பாதீர்கள். விளம்பரம் செய்வதில் ஆடிட்டர்களுக்கு அவர்கள் அமைப்பான ஐசிஏஐ-யின் கட்டுப்பாடுகள் பல காலம் கறாராக இருந்தவை, அதனால் சின்ன ஆபீஸ்கள் இணையத்தில் அநேகமாகத் தென்படாது. பேராசிரியர் மூலமோ, தெரிந்த கடைக்காரர் மூலமோ, இல்லாவிட்டால் ஒரு பக்க ரெஸ்யூமேவுடன் 22-ம் தேதி வாக்கில் நேரில் படியேறியோதான் கேட்க வேண்டும். கல்லூரிக் கடிதத்தில் தேதி, சான்றிதழில் என்னென்ன வேலை வர வேண்டும் என்று எல்லாவற்றையும் சேரும்போதே பேசிவிடுங்கள். கல்லூரி கேட்கும் ரிப்போர்ட்டில் 'நிறுவனத்தின் பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல்' என்று ஒரு அத்தியாயம் இருக்கும், ஆறேழு பேர் உள்ள ஆபீஸுக்கு அதை எழுதுவது தனிக் கலை. வாடிக்கையாளர் பெயரோ தொகையோ அதில் ஒரு இடத்திலும் வரக் கூடாது. நான் 'அ நிறுவனம்', 'ஆ நிறுவனம்' என்று போட்டேன், வைவாவில் ஆட்சேபம் எதுவும் வரவில்லை.